நீறணியாத நெற்றி

கொன்றைக்குளத்துச் சிவன் கோயிலில் தைலம்மையார் செய்துவந்த தொண்டு, சாமிக்குப் படைக்கும் அரிசியில் கல் பொறுக்குவது. மாலை கட்டியவரையும் விளக்கேற்றியவரையும் உலகம் கொண்டாடும். கல் பொறுக்கியவரை யார் கொண்டாடுவார்கள்? ஆனாலும் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைத்தான் செய்தார். விடிந்ததும் குளத்தில் முழுகி, அண்ணாந்து நெற்றி நிறையத் திருநீறு பூசி, மடைப்பள்ளிக்குப் பின்னால் வன்னிமர நிழலில் சுளகோடு உட்காருவார். மடைப்பள்ளிக்குள் போக அவருக்கு உரிமை கிடையாது. அரிசி வாசற்படியைத் தாண்டி வெளியே வரும். கல் நீங்கியதும் உள்ளே போகும். அவர் வெளியிலேயே இருப்பார்.

சுளகில் அரிசியைப் பரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவார். ஒதுக்கும்போதெல்லாம் வாய் 'சிவ சிவ' என்று சொல்லிக்கொண்டிருக்கும். உச்சிக்காலப் பூசை முடிந்து ஒரு பட்டைச் சோறு கைக்கு வரும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்காது. அந்தச் சோறுதான் கூலி, அதுதான் பிரசாதம், அதுதான் அன்றைய சாப்பாடும். பிள்ளை குட்டி இல்லாதவர். கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு குச்சுவீடு. இது போதவில்லை என்று அவர் சொல்லி யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

சாமிக்குப் படைக்கும் முன்னால் அமுதை எவரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பது கோயில் வழக்கம். உப்புப் பார்ப்பதுகூடக் கிடையாது. ஆகவே சோற்றில் ஒரு கல் தப்பிக் கிடந்தால் அதை முதலில் கடிப்பது இறைவன்தான் என்று தைலம்மையார் மனதார நம்பினார். கல் பொறுக்குவதை அவர் அவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. பூக்காரர்களும் காவலாளும் இதைச் சொல்லியே அவரைச் சீண்டுவார்கள்.

"ஏ தைலம்மை, சாமிக்குப் பல்லு இருக்கா? நீ பாத்தியா?"

"சோறு படைக்கோம்லா. பல்லு இல்லாதவுகளுக்கா படைக்கோம்?" என்பார் அவர், சுளகிலிருந்து தலை தூக்காமல்.

அவருடைய கணவர் ஆண்டியப்பர் அதே கோயிலில் தீவட்டி பிடித்தவர். சாமி புறப்பாட்டில் எண்ணெய்ப் புகையைத் தின்றுகொண்டே முன்னால் நடப்பார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டிய மனிதருக்குக் கண்ணில் புரை விழுந்தது. தைலம்மையார் நந்தியாவட்டைப் பூவை வாட்டி ஒற்றினார், தேன் விட்டார், நேர்ந்துகொண்டார். புரை எதற்கும் கேட்கவில்லை. அப்போதுதான் பக்கத்து ஊரில் இலவசக் கண் முகாம் போடுகிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வந்து சொல்லிவிட்டுப் போனது. எங்கிருந்தோ வந்தவர்கள் ஒரு நெல் ஆலையைக் கழுவிவிட்டு, அதற்குள் வரிசையாகப் படுக்க வைத்து, மாலைக்குள் எல்லாக் கண்ணையும் அறுத்து முடித்துவிட்டார்கள். கட்டுப் போட்டு வெளியே உட்கார வைத்தார்கள். எப்போது கட்டைப் பிரிப்பது, எந்த மருந்தை விடுவது, எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல ஒரு வாய் இல்லை. யாரோ ஒருவர் கேட்டதற்கு, சும்மா கிடைப்பதில் கேள்வி வேறா என்றார்களாம்.

ஆண்டியப்பர் வீடு வந்து கட்டைப் பிரித்தார். மனைவியின் முகம் தெரிந்தது. அன்று அந்தக் குச்சுவீட்டில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தைலம்மையார் சம்புடத்தைத் திறந்து, கை நிறையத் திருநீறு அள்ளி, கணவரை அண்ணாந்து நிற்கச் சொல்லி, 'சிவ சிவ' என்று நெற்றி முழுக்கப் பூசிவிட்டார். சில நாளில் கண் சிவந்தது, சீழ் கட்டியது, பிறகு ஒரேயடியாக அவிந்துபோனது. முகாம்காரர்களைத் தேடிப் போனபோது அங்கே நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆலை திரும்பவும் ஆலையாகிவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை. ஊரார் சாமி குற்றம் என்றார்கள். ஆண்டியப்பர் சுவரைத் தடவித் தடவிச் சில காலம் வாழ்ந்து, ஒரு கோடையில் கண்மூடினார். அதன் பிறகும் தைலம்மையார் மறுவாரமே வன்னிமர நிழலுக்கு வந்து சுளகை எடுத்தார்.

காலம் அவரையும் விடவில்லை. முதலில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. பிறகு எதிரில் வருபவரின் முகம் பாலில் நனைந்ததுபோல் ஆனது. கறுப்புக் கல் கொஞ்ச நாள் தெரிந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கல்தான் அரிசியோடு அரிசியாகிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. விரலால் உருட்டிப் பார்த்தார். வெண்கலத் தட்டில் உதிர்த்து ஓசை கேட்டார். இருட்டோடு வந்து உட்கார்ந்தார், வேலை முடிய நேரமாயிற்று என்பதால். சன்னதியில் போய் நின்றால் தீபத்தின் மஞ்சள் மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். தெரியாவிட்டால் என்ன, அவருக்கு என்னைத் தெரியுமே என்று சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று அது நடந்தது. சாமி திருமேனி மறையச் சோறு சாத்தி, பூசை முடிந்து, அதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் முதல் கவளத்திலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பல்லில் பாதி கையோடு வந்துவிட்டது. கோயில் நிர்வாகம் பார்த்த மணியம் நெல்லைநாயகம் பிள்ளை எல்லார் முன்னிலையிலும் தைலம்மையாரைக் கூப்பிட்டார்.

"கண்ணு தெரியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே. பட்டைச் சோத்துக்கு ஆசப்பட்டுக் கோயில் மானத்த வாங்கிட்டியே."

தைலம்மையார் தலை கவிழ்ந்து நின்றார். வசவு அவருக்கு உறைக்கவே இல்லை. அன்று திருமேனி முழுக்கச் சோறல்லவா சாத்தினார்கள், சாமி எத்தனை கல்லைக் கடித்தாரோ என்பதே அவருக்கு நினைப்பாக இருந்தது. மறுநாள் சுளகு வேறொருத்தி கைக்குப் போனது. பட்டைச் சோறும் அதனோடு போனது.

இதே மணியத்துக்கும் அதற்கு முந்திய வருஷம்தான் புரை விழுந்திருந்தது. அவர் மதுரைக்குப் போனார், பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார், கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார். கொஞ்ச நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்துவிட்டுப் பிறகு வந்து, கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்: "ஒண்ணுமே இல்ல ஓய். ஒரு காப்பிய ஆத்திக் குடிக்க நேரந்தான். ஒரு கண்ண முடிச்சுட்டு அடுத்த ஆளு கண்ணுக்குப் போயிட்டாவ." தைலம்மையாரும் அப்போது அங்கே இருந்தார். தயங்கி, அது எங்கே ஐயா செய்கிறார்கள் என்று கேட்டார். மணியம் சிரித்தார். "அது ஒனக்கு ஏணி வச்சாலும் எட்டாது, போ" என்றார்.

ஒரு காப்பி ஆற்றிக் குடிக்கிற நேரம். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மனுஷிக்கும் அவள் தெய்வத்துக்கும் நடுவில் விழுந்த திரை அவ்வளவு நேரத்தில் விலகக்கூடியது. அதை விலக்கும் கை உலகத்தில் இருக்கிறது. அந்தக் கை எட்டாமல்தான் அந்த அம்மையார் வருஷக்கணக்காகத் தட்டில் அரிசியை உதிர்த்து ஓசை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை போன பிறகு வலது கண்ணில் வலி கண்டது. சாதாரண வலியில்லை. தலையைப் பிளந்து, குமட்டலெடுத்து, சுவரில் முட்டிக்கொள்ள வைக்கும் வலி. பிறகு வலி நின்றது. நின்றபோது அந்தக் கண்ணில் இரவு பகல் வித்தியாசமும் நின்றுவிட்டது. இடது கண்ணில் மட்டும் நிழலாட்டம் மிச்சமிருந்தது. அதுவும் போனால் தொண்டும் இல்லை, தரிசனமும் இல்லை. சாகுமுன் ஒரே ஒரு தடவை சாமியைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஒரு நாள் குளத்துக்குப் போகும் வழியில் கால் இடறி ஓடைக்குள் விழுந்தார். தூக்கிவிட்டவர் சலேத்தம்மாள். கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராகப் போகிறவர். கோயில் தெருவுக்குள் மட்டும் வரமாட்டார், வந்தால் விரட்டுவார்கள். அவர் தைலம்மையாரின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"எக்கா, இது புரைதான். எனக்கும் இப்படித்தான் கெடந்துச்சு. நெத்திலி எது, சாளை எதுன்னு தெரியாம மோந்து பாத்து வித்தேன். மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி பஸ்ஸு இப்பம் நம்ம பக்கமும் வருது. ஏறிப் போயிட்டேன்."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் அறுத்தாவ. பாத்தேன்லா."

"அறுத்தாவ, சரி. பொறவு ஆரு வந்து பாத்தா?"

"நாங்கதான் தேடிப் போனோம். அங்க நெல்லு காஞ்சுக்கிட்டு கெடந்துச்சு."

"அதத்தான் சொல்லுதேன். என்னைய வச்சிருந்து மருந்து ஊத்துனாவ. வீட்டுக்கு அனுப்பிட்டுத் திரும்பக் கூப்புட்டுப் பாத்தாவ. காசு கேக்கல. காசு கட்டுனவுக கண்ணுக்குள்ள வைக்குற அதே சில்லுதான் எனக்கும் வச்சாவ. எனக்குச் சந்தேகம், வாய விட்டுக் கேட்டுட்டேன். வாங்க, நான் கூட வாரேன்."

கருவாட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில்காரி பஸ் ஏறியதை ஊரே பார்த்தது. பார்த்ததை ஊர் வீணாக்குவதில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர் என்ற அம்மையார் முதலில் வலது கண்ணைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதும்மா. புரை முத்தி, உள்ள அழுத்தம் ஏறி, நரம்பு செத்துப்போச்சு. முன்னாலயே வந்திருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

"இந்த பஸ்ஸு முன்னால எங்க ஊருக்கு வரலம்மா" என்றார் தைலம்மையார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். டாக்டர் அடுத்த கண்ணுக்கு விளக்கைத் திருப்பினார்.

இடது கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. கழுவினார்கள், மருந்து விட்டார்கள், பயப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கூடவே நின்றாள். மறுநாள் கட்டைப் பிரித்து, தட்டில் சோறு வைத்தார்கள். தைலம்மையார் சாப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு குறுணையும் தெரிந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைக்கு ஊற்றக்கூடாது. குனிந்து விழுந்து கும்பிடக்கூடாது. புகை பக்கம் போகக்கூடாது. சொட்டு மருந்தை விடாமல் விட வேண்டும்.

"அப்புறம், நெத்தில திருநீறு பூசக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் பூசவே கூடாது. பொடி கண்ணுல உதிர்ந்து சீழ் பிடிச்சா கண்ணு போயிரும். எனக்கு வாக்குக் கொடுங்க."

தைலம்மையார் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, நெல் ஆலையில் நடந்ததையும் அதன் பிறகு வீட்டில் நடந்ததையும் சொன்னார்.

"அவருக்கு இதெல்லாம் யாருமே சொல்லலையா?" என்றார் டாக்டர்.

"ஒருத்தரும் சொல்லல. நாந்தாம்மா பூசிவிட்டேன். இந்தக் கையாலதான்."

அழவும் கூடாது என்று நர்சு சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஆசையோடு பூசிய நீறு புருஷன் கண்ணைக் கொண்டுபோன சேதி, அவர் செத்து இத்தனை காலம் கழித்துக் கிடைத்தால் ஒரு மனம் என்ன பாடுபடும். சலேத்தம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டார்.

"எக்கா, சாமி திருநீறுதானே. சாமியே இப்படிப் பண்ணிட்டாருன்னு தோணுதா?"

"சாமி என்ன பண்ணுனாரு" என்றார் தைலம்மையார். "அறுத்தவன் ஒரு வார்த்த சொல்லாமப் போனான். சொல்லியிருந்தா நான் பூசுவேனா. சாமியே பூச வேண்டாம்னு சொல்லியிருப்பாரே." பிறகு, "அவருக்கும் அது துக்கமாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

திரும்பும்போது அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நெற்றி அப்படி இருந்ததில்லை. புருஷன் போன அன்று பொட்டை அழித்தார்கள், திருநீற்றை யாரும் தொடவில்லை. இப்போது அதுவும் இல்லாமல் தெருவில் நடந்தபோது, உடுத்த துணி நழுவியதுபோல் கூசிக் கூசி நடந்தார். ஊர் வாயைத் திறந்தது. கருவாட்டுக்காரியோடு மிஷன் பஸ்ஸில் போனாள், பாழ் நெற்றியோடு வந்தாள், கண்ணைக் கொடுத்துக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றது. குழாயடியில் அவர் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். தெரிந்தவர்கள் தெரியாததுபோல் போனார்கள். இப்போது அவருக்கு எல்லார் முகமும் நன்றாகத் தெரிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள், தலை நனையாமல் குளித்து முடித்து, அவர் நேரே கோயிலுக்குப் போனார். பிடிவாதமாக வழியில் எங்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று முதலில் சாமியைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் மணியம் மறித்தார்.

"வேதத்துல சேந்துட்டேன்னு ஊரு பூரா பேச்சு. நெசமா?"

"இல்ல ஐயா. கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா பூச வேண்டாம்னாவ."

மணியம் உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கூட்டம் சேர்ந்திருந்தது. "பேச்சு எதுக்கு. எல்லாரும் பாக்க ஒரு கீத்துப் பூசிக்கிட்டு உள்ள போ."

தட்டு முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே, நாலு எட்டில், வருஷக்கணக்காகக் காணாத தெய்வம் இருந்தது. பூசினால் இப்போதே பார்க்கலாம். பூசிய பிறகு கண் போனாலும், பார்த்துவிட்டல்லவா போகும் என்று ஒரு கணம் மனம் ஆடிற்று. கை தட்டை நோக்கி எழுந்தது. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அதை இறக்கிக்கொண்டார்.

"அவுக கண்ண இப்படித்தான் தொலைச்சேன் ஐயா. வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். பூச மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். மணியம் வழி விடவில்லை. தைலம்மையார் வாசலுக்கு வெளியே, வெயிலில், கைகூப்பி நின்றார். உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்ததும் வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். சலேத்தம்மாள் ஊருக்கு வெளியே ஆலமரத்தடியில் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். உச்சிக்காலம் ஆகட்டும் என்று அதையும் தள்ளி வைத்துத்தான் குடிப்பார்.

முதல் நாள் மணியம் அவரைத் தடுத்த சற்று நேரத்துக்கெல்லாம் சன்னதியில் ஒன்று நடந்திருந்தது. கல்யாணசுந்தர பட்டர் அபிஷேகம் முடித்து, திருமேனியைத் துடைத்து, பட்டையாகத் திருநீறு சாத்தினார். சாத்திய நீறு பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரம் போதவில்லை என்று திரும்பச் சாத்தினார். திரும்பவும் உதிர்ந்தது. நீற்றை மாற்றினார், குழைத்துப் பார்த்தார். சந்தனம் நின்றது, பூ நின்றது, வில்வம் நின்றது. நீறு மட்டும் நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே. மணியத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். "சரியாத் தொடைக்காமப் பூசியிருப்பீரு" என்று அவர் தாமே எதிரில் நின்று பூசச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே மூன்று கோடும் சரிந்து ஆவுடைப் பீடத்தில் விழுந்தன. அவர் முகம் சிறுத்துப்போனது.

பட்டருக்குச் சோறு இறங்கவில்லை. உச்சிக்காலப் பூசைக்கு முன் நடை சாத்தியிருந்த வேளையில் ஒரு நாள் மண்டபத் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அப்போது ஒரு குரல் கேட்டது. கனவு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், பட்டர் சாகும்வரை அதைக் கனவென்று ஒப்பவில்லை. குரல் கோபமாக இல்லை, ஏங்கினதுபோல் இருந்தது.

"என் பிள்ளை ஒருத்தி வெறும் நெற்றியோடு வாசலில் நிற்கிறாள். நான் மட்டும் பூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கவா?"

பட்டர் எழுந்து ஓடினார். வெயிலில் நின்ற தைலம்மையாரின் கையைப் பிடித்து, "வாங்கோம்மா" என்று மட்டும் சொல்லி உள்ளே அழைத்து வந்தார். ஆச்சாரமான அந்த மனிதர் தெருவில் வந்து அவர் கையைத் தொட்டதை மணியமும் பார்த்தார். தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தார்.

கதவு திறந்தது. தீபம் காட்டினார்கள். தைலம்மையார் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் இருந்தார். கறுத்து, குளிர்ந்து, முழுசாக இருந்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு அம்மையார் குழம்பினார்.

"பட்டரே, சாமி நெத்தியில நீறு காணலையே. என் கண்ணுதான் இன்னும் சரியாகலையோ?"

"உங்க கண்ணு நன்னாத்தான் இருக்கும்மா" என்றார் பட்டர். "நாங்க பூசினா நிக்கலை. நீங்க பூசாத நாள்லேர்ந்து அவரும் பூசிக்கலை."

விழுந்து கும்பிட அவர் உடம்பு துடித்தது. குனியக்கூடாது. ஆகவே நின்றபடியே, கைகூப்பியபடியே, "அப்பனே, எனக்கு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. ஒமக்கு ஆரு சொன்னா?" என்றார். மிச்சமிருந்த கண்ணிலிருந்தும் அவிந்த கண்ணிலிருந்தும் ஒன்றுபோல நீர் வடிந்தது.

மணியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எனக்கும் இதைத்தான் சொன்னாவ. மதுரையில. திருநீறு வேண்டாம், புகை வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நானும் வெறும் நெத்தியோடதான் வீட்டுக்குள்ள கெடந்தேன். ஒனக்கு வந்ததும் அதே நோவுதான்னு எனக்குத் தோணவே இல்லையே தைலம்மை."

தைலம்மையார் அவர் பக்கம் திரும்பினார். அம்மையாரின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மணியத்துக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்குச் சொன்னாவ ஐயா. அவுகளுக்குச் சொல்லல. சொல்லியிருந்தா அவுகளும் இப்பம் எம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருப்பாவ."



டாக்டர் அனுமதி தரும்வரை கொன்றைக்குளத்து இறைவன் நீறில்லாமலே இருந்தார். அதைக் காண அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு வந்தன. வந்தவர்கள் காரணம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பட்டர் சொன்னார்: கண் சிகிச்சை செய்துகொண்ட அம்மையாருக்காக இறைவன் இப்படி இருக்கிறார், கண்ணில் புரை எடுத்தவர்கள் பொறுத்துத்தான் பூச வேண்டும், பொடி விழுந்தால் கண் போய்விடும். கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டில் புரை விழுந்த கண் இருந்தது. மிஷன் பஸ் எப்போது வரும் என்று விசாரித்தார்கள். சிலர் அங்கேயே நின்று அழுதார்கள். அவர்கள் வீட்டிலும் நெல் ஆலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். இத்தனை காலம் சாமி குற்றம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

தைலம்மையார் மறுபடி வன்னிமர நிழலில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்தார். மணியமே சுளகைக் கொண்டுவந்து கொடுத்தார் என்கிறார்கள். அந்தக் கோயிலில் இன்றும் கட்டுப் போட்ட கண்ணோடு வருகிறவர்களுக்குப் பட்டர் திருநீறு கொடுப்பதில்லை. ஒரு வில்வ இலையைக் கையில் வைத்து, "ஆறினப்புறம் வாங்கோ, அதுவரைக்கும் அவர் பொறுப்பார்" என்று சொல்லி அனுப்புகிறார்.

சொல்ல ஆளில்லாமல் கண்ணிழந்த கணவரை நினைத்து அழுதவர், ஊரார் கண்ணுக்கெல்லாம் காவலாக வெறும் நெற்றியோடு வெயிலில் நின்றவர், தைலம்மையார். இறைவனே தம் நீற்றைத் துறந்து துணை நின்ற அந்த எளியவரின் அடி நம் தலைமேல் இருக்கட்டும்.